வீணானதா, நிறைவானதா? அழிவைக் குறிக்கும் சில இலத்தீன் சொற்கள்



சில வாரங்களுக்கு முன் நோயாய்க் கிடந்த முதிய தாயார் ஒருவரைப் பார்த்துவரச் சென்றிருந்தேன். எண்பது வயதைக் கடந்தவர். ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். சிறுமியாய் இருந்த காலத்தில் தம் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் நின்று இலத்தீன் பாட்டுக்களைப் பாடியவர். இன்று அவருடைய கைகள் சுள்ளித் தடிபோல் மெலிந்துவிட்டன. "தம்பி, நான் உருகித் தேய்ஞ்சு போனன். இனி என்னால ஆருக்குப் பிரயோசனம்? என்ர சீவியம் வீணாப் போச்சுது" என்றார். ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் கூறிய இரண்டு சொற்கள் என் நெஞ்சில் நின்றன. தேய்ந்து போதல் ஒன்று. வீணாய்ப் போதல் மற்றொன்று. இவை இரண்டும் ஒன்றுதானா?

இக்கேள்விக்கு அந்தத் தாயார் பொருள் தெரியாமலே பாடிய இலத்தீன் மொழியே ஒரு விடையைத் தன்னுள் வைத்திருக்கிறது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய தன் சட்டத்தை வெளியிட்டதன் பின்னர், நம் பீடங்களில் தமிழ் ஒலிக்கத் தொடங்கியது. அது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. எனினும் முன்னோர் செபித்த மொழியின் சொற்களை எடுத்து ஆராய்ந்தால், மறையுண்மைகள் சில புதிய ஒளியில் தோன்றுவதுண்டு. ஆதலால் இவ்வாரம், அழிதல், கெடுதல், தீர்ந்துபோதல் என்பவற்றைக் குறிக்கும் சில இலத்தீன் சொற்களைப் பாடமாகக் கற்போம். சொற்களைத் திருச்சபையில் வழங்கிய உச்சரிப்பை ஒட்டியே எழுதுகிறேன்.

பாழும் வீழ்ச்சியும்

தமிழில் எல்லாப் பொருளும் ஒரேவிதமாய்க் கெடுவதில்லை. சோறு ஊசும், பழம் அழுகும், மரம் உளுக்கும், கயிறு இற்றுப்போகும், இலைகுழை உக்கும், இரும்பில் கறள் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். இலத்தீனும் அப்படியே.

முதலாவது சொல் 'வாஸ்துஸ்'. வெறுமையான, ஆளில்லாத என்பது இதன் பொருள். இதிலிருந்து 'வாஸ்தாரே', அதாவது ஊரைப் பாழாக்குதல் என்ற வினை பிறந்தது. ஆங்கிலத்தில் விரயத்தைக் குறிக்கும் 'வேஸ்ட்' என்ற சொல்லும், மிகப் பரந்தது என்று பொருள்படும் 'வாஸ்ட்' என்ற சொல்லும் இதன் வழிவந்தவையே. ஆளில்லாத வெளி பரந்து தோன்றும் அல்லவா? நமது 'பாழ்' என்ற சொல்லும் இதைப் போன்றதே. பாழ் என்றால் அழிவு. பாழ் என்றால் வெறுமை. இருக்கவேண்டியவர் இல்லாத இடமே பாழ்.

இரண்டாவது சொல் 'காதெரே'. விழுதல் என்று பொருள். கீழே விழுதல் என்ற பொருளில் 'தே' என்னும் முன்னொட்டோடு சேர்ந்து இது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தின் 'டிகே' ஆயிற்று. கெடுதல் என்பது ஒரு வீழ்ச்சி என்று இலத்தீன் கருதுகிறது. ஞாயிறு விழும் திசையாகிய மேற்கைக் குறிக்கும் சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததே. பிணத்துக்கு இலத்தீனில் 'கதாவெர்' என்று பெயர். விழுந்து கிடப்பது என்பது அதன் கருத்து. மத்திய காலத்தில் சிலர் இச்சொல்லை மூன்றாய்ப் பிளந்து, புழுக்களுக்குக் கொடுக்கப்பட்ட தசை என்பதன் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆனது என்று விளக்கினர். கேட்பவர் மனத்தில் பதியும் விளக்கம்தான். ஆனால் மொழியாராய்ச்சிக்கு ஒவ்வாதது. பிணம் என்பதை இலத்தீன் புழுக்களோடு சேர்த்துப் பெயரிடவில்லை. விழுந்தவர் என்றே பெயரிட்டது. விழுந்தவர் எழவும் கூடும்.

மூன்றாவது 'கொர்ரும்பெரே'. 'ரும்பெரே' என்றால் உடைத்தல். முழுவதும் உடைந்து சிதறுவதே இச்சொல்லின் பொருள். உடலின் அழுகலுக்கும், கைக்கூலி வாங்கும் அதிகாரியின் நெறிகேட்டுக்கும் இந்த ஒரு சொல்லே பயன்பட்டது. தமிழிலும் 'ஊழல்' என்பது முதலில் பதனழிந்து நாறுவதைக் குறித்து, பின்னரே பொதுவாழ்வின் கேட்டைக் குறிக்க வந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில், விதைக்கப்படும் உடல் அழிவுக்குரியது, எழுப்பப்படும் உடல் அழியாதது என்று புனித சின்னப்பர் உரைக்கும் இடத்தில், இலத்தீன் விவிலியத்தில் இச்சொல்லையும் இதன் எதிர்ச்சொல்லையுமே காண்கிறோம். உடைந்தது இனி உடையாததாய் எழுகிறது.

தின்னும் கறள்

மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், மண்ணுலகில் செல்வம் சேர்த்து வைக்கவேண்டாம் என்று ஆண்டவர் எச்சரிக்கிறார். பூச்சியும் கறளும் அதை அழிக்கும் என்கிறார். இவ்விடத்தில் இலத்தீன் மொழிபெயர்ப்பு 'தீனெயா', 'ஏரூகோ' என்ற இரு சொற்களை வழங்குகிறது. தீனெயா என்பது துணியையும் ஏட்டையும் அரிக்கும் அந்துப்பூச்சி. ஏரூகோ என்பது செம்பிலும் வெண்கலத்திலும் படியும் பச்சைக் களிம்பு. இரும்பின் கறளுக்கு 'ரோபீகோ' என்ற வேறொரு சொல் உண்டு.

ஆனால் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இரண்டாவது சொல் கறள் என்பதன்று. 'புரோசிஸ்', அதாவது தின்னுதல் என்பதே அங்கே உள்ளது. எது தின்கிறது என்று சொல்லப்படவில்லை. சேர்த்துப் பூட்டி வைத்ததை ஏதோ ஒன்று தின்றுகொண்டே இருக்கிறது. எவரும் உண்ணாத நெல்லை அந்துப்பூச்சி உண்ணும். எவரும் உடுத்தாத சேலையைப் பூச்சி உடுத்தும். உலகில் தீர்ந்து போகாத பொருள் எதுவுமில்லை. யாருக்காகத் தீர்கிறது என்பதே கேள்வி.

ரோபீகோ என்ற சொல்லுக்கும் நம் திருச்சபை வழக்கத்துக்கும் ஒரு தொடர்புண்டு. கோதுமைப் பயிரைச் செந்நிறப் பொடியாய்த் தாக்கும் நோய்க்கும் உரோமர் அதே பெயரை இட்டனர். அந்நோய் வராதிருக்க ஏப்ரில் 25ஆம் நாள் 'ரோபிகாலியா' என்ற விழாவெடுத்து நாயொன்றைப் பலியிட்டனர். பின்னர் கிறிஸ்தவர்கள் அதே நாளில் பிரார்த்தனை பாடி உரோமை வீதிகளில் பவனி சென்றனர். புனித பெரிய கிரகோரியார் பாப்பரசராய் இருந்த காலத்திலேயே (590-604) இவ்வழக்கம் இருந்தது. 1969ஆம் ஆண்டின் நாட்காட்டிச் சீர்திருத்தம் வரையில் புனித மாற்கு திருநாளன்று பெரிய பிரார்த்தனைப் பவனி என்ற பெயரில் இது குறிக்கப்பட்டிருந்தது. கெடுதியைக் கண்டு அஞ்சிய மனிதனைத் திருச்சபை பரிகசிக்கவில்லை. அவன் அச்சத்தைச் செபமாக மாற்றியது.

உருக்கும் நோய்

உடல் உருகி மெலிவதை இலத்தீனில் 'தாபெஸ்' என்பர். பனியும் மெழுகும் உருகுவதையும் இதன் வினைச்சொல்லே குறிக்கும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் மருத்துவ நூல் எழுதிய செல்சுஸ் என்பவர், உடலைத் தேயவைக்கும் மூவகை நோய்களை இப்பெயரின் கீழ் விளக்கினார். அவற்றுள் ஒன்று நாம் சயரோகம் என்று அழைக்கும் நோய். நம் முன்னோர் அதை எலும்புருக்கி என்றனர். உருகுதல் என்ற அதே உவமை இரு மொழிகளிலும் தோன்றியது கவனிக்கத்தக்கது. ஆங்கிலேயர் இந்நோயைக் 'கன்சம்ஷன்', அதாவது தின்றுதீர்க்கும் நோய் என்றனர். 1882இல் ரொபேட் கொக் என்ற ஜேர்மன் மருத்துவ அறிஞர் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்து அறிவிக்கும்வரை, நோயாளியை உள்ளிருந்து தின்பது எதுவென்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்நோயால் உருகியவர்களுள் நம் இல்லங்களில் படம்வைத்து வணங்கப்படும் ஒருவர் இருக்கிறார்: புனித குழந்தை யேசுவின் தெரேசம்மாள். 1873இல் பிறந்து, பதினைந்து வயதில் பிரான்சின் லிசியே நகரிலுள்ள கார்மேல் மடத்தில் நுழைந்தார். 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் முதன்முதலாக இரத்தம் கக்கினார். 1897 செப்ரெம்பர் 30இல், 24ஆம் வயதில் உயிர்நீத்தார். ஒரு மறைபரப்பு நாட்டிலும் கால்வைக்கவில்லை. பெரிய நிறுவனம் எதையும் தொடங்கவில்லை. உலகக் கணக்கின்படி பார்த்தால் வீணாய்ப்போன இளமை. ஆனால் 1925இல் அவர் புனிதையாக உயர்த்தப்பட்டார். 1927இல், கடல்கடந்து அலைந்த புனித பிரான்சிஸ் சவேரியாரோடு மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலியாய் அறிவிக்கப்பட்டார். 1997இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் பிரகடனம் செய்யப்பட்டார். உருகியது உண்மை. வீணானது என்று எவர் சொல்வார்?

எடுத்தல், மீட்டல், நிறைவாக்கல்

இனி நம் பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். 'கொன்சூமெரே' என்பது தின்றோ செலவழித்தோ முற்றாய்த் தீர்த்துவிடுதலைக் குறிக்கும் சொல். இதைப் பிரித்தால் 'சூமெரே', அதாவது எடுத்துக்கொள்ளுதல் என்ற சொல் கிடைக்கும். அதையும் பிரித்தால் அடியில் 'எமெரே' என்ற மிகப் பழைய வினை இருக்கிறது. முற்காலத்தில் எடுத்தல் என்றும், பிற்காலத்தில் விலைகொடுத்து வாங்குதல் என்றும் அது பொருள்பட்டது.

இந்த ஒரு வேரில் எத்தனை கிளைகள் என்று பாருங்கள். திருவிருந்து உட்கொண்டபின் குருவானவர் சொல்லும் இலத்தீன் செபங்களில் அடிக்கடி வருவது சூமெரே. தேவதாயார் ஆன்மாவோடும் உடலோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை 'அஸ்ஸும்ப்சியோ' என்கிறோம். ஆகஸ்ட் 15இல் மடுத்திருப்பதியில் நாம் கூடிக் கொண்டாடும் விழாவின் இலத்தீன் பெயர் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'ரெதீமெரே' என்ற சொல்லும் இதே எமெரேயிலிருந்து வந்தது. மீண்டும் விலைகொடுத்து வாங்குதல், மீட்டல் என்பது அதன் பொருள். நம் ஆண்டவரை 'ரெதெம்ப்தோர்', மீட்பர் என்று அழைப்பது இதனாலேயே.

ஆகவே தின்றுதீர்த்தலும் மீட்டெடுத்தலும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் எடுக்கும் கை ஒன்று உண்டு. ஒரு கை தனக்கென்று எடுத்து முடித்துவிடுகிறது. மற்றக் கை இழந்துபோனதைத் தன் செலவில் திரும்ப எடுக்கிறது.

இன்னொரு சொல்லையும் இதனோடு ஒப்பிட வேண்டும். கொன்சூமெரே என்பதற்கு மிக அருகே 'கொன்சும்மாரே' என்றொரு சொல் இருக்கிறது. எழுத்தில் பார்த்தால் ஒரு மகரமே கூடுதல். பொருளோ முற்றிலும் வேறு. 'சும்மா' என்பது இலத்தீனில் கணக்கின் மொத்தத்தொகை. உரோமர் தொகையைக் கணக்கின் மேற்புறத்தில் எழுதினர். கொன்சும்மாரே என்றால் கணக்கைக் கூட்டி நிறைவுசெய்தல், செய்துமுடித்தல். அருளப்பர் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில், சிலுவையில் உயிர்விடும் வேளையில் ஆண்டவர் சொன்ன இறுதி வார்த்தைக்கு இலத்தீனில் வழங்கும் சொல் இதுவே. 'நான் தீர்ந்துபோனேன்' என்று அவர் சொல்லவில்லை. எடுத்த காரியம் நிறைவேறியது என்றார்.

காலப்போக்கில் மக்கள் இவ்விரு சொற்களையும் குழப்பிக்கொண்டனர். பிரெஞ்சு மொழியில் நிறைவாக்குதலைக் குறித்த 'கொன்சொமே' என்ற வினையே பொருட்களை வாங்கி நுகர்ந்து தீர்ப்பதையும் குறிக்கலாயிற்று. இன்று அவர்கள் நுகர்வுச் சமுதாயம் என்று சொல்லும்போது, நிறைவு என்று பொருள்பட்ட சொல்லையே பயன்படுத்துகிறார்கள். இக்குழப்பம் பிரெஞ்சு மொழியோடு நின்றுவிட்டதா? வாங்கி வாங்கித் தீர்ப்பதே வாழ்க்கையின் நிறைவு என்று எண்ணும் நம் வீடுகளிலும் அதே குழப்பம் உண்டு.

"ஏன் இந்த விரயம்?"

பெத்தானியா ஊரில் ஒரு பெண் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை ஆண்டவர்மேல் ஊற்றினாள். அதன் மதிப்பு முந்நூறு தெனாரியத்துக்குக் குறையாது என்றனர். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் நாட்சம்பளம். ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் ஊற்றப்பட்டது. ஏன் இந்த விரயம் என்று அங்கிருந்தவர்கள் முணுமுணுத்தனர். மத்தேயுவும் மாற்குவும் கூறும் இந்நிகழ்ச்சியில், விரயத்துக்கு இலத்தீன் வழங்கும் சொல் 'பெர்திட்சியோ'.

இச்சொல் 'பெர்தெரே' என்ற வினையிலிருந்து வந்தது. அதனுள் 'தாரே', அதாவது கொடுத்தல் இருக்கிறது. கைவிட்டுப் போகும்படி கொடுத்துவிடுதல், இழத்தல், அழித்தல் என்று அதன் பொருள் விரியும். பெத்தானியாவில் முணுமுணுத்தவன் யூதாஸ் என்று அருளப்பர் பெயர் குறித்தே எழுதுகிறார். அதே அருளப்பர் நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில், இழந்துபோன சீடனை ஆண்டவர் அழிவின் மகன் என்று குறிப்பிடுகிறார். அங்கேயும் இலத்தீனில் அதே பெர்திட்சியோ! அன்பினால் ஊற்றப்பட்ட தைலம் விரயம் எனப் பழிக்கப்பட்டது. ஆனால் விரயமாய்ப் போனவன் தைலத்துக்கு விலை பேசியவனே. முந்நூறுக்குக் கணக்குப் பார்த்தவன் முப்பது வெள்ளிக்காசுக்குத் தன் போதகரை விற்றான்.

'தாரே' கொண்டு அமைந்த இன்னொரு சொல் 'திராதெரே', கையளித்தல். யூதாஸ் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்ததற்கும் இச்சொல்லே. பிதாவானவர் தம் திருமகனை நமக்காகக் கையளித்தார் என்று சின்னப்பர் உரோமையருக்கு எழுதும் இடத்திலும் இச்சொல்லே. செயல் ஒன்றுபோலத் தோன்றும். ஒருவன் தனக்காகக் கொடுத்தான். மற்றவர் நமக்காகக் கொடுத்தார்.

மிஞ்சிய துண்டுகள்

கடைசியாக ஒரு சொல். 'பெரீரே' என்றால் அழிந்துபோதல், காணாமற் போதல். ஐயாயிரம் பேர் உண்டபின், மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு ஆண்டவர் சீடரைப் பணிக்கிறார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அருளப்பர் 6ஆம் அதிகாரத்தில் வரும் இக்கட்டளையில் உள்ள சொல் பெரீரே. அதே நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில், தம்மை நம்பும் எவரும் அழியாமல் வாழவேண்டும் என்பதற்காகக் கடவுள் தம் ஒரே மகனைத் தந்தார் என்ற இடத்திலும் அதே வினை. லூக்காஸ் 15ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆட்டுக்கும், ஊதாரி மைந்தனுக்கும் அதே வினை. அப்பத்துண்டுக்கு ஒரு சொல், ஆன்மாவுக்கு வேறு சொல் என்று விவிலியம் பிரிக்கவில்லை. துண்டைத் தேடிச் சேர்ப்பவரே மனிதரையும் தேடிச் சேர்க்கிறார்.

ஆகவே அன்பினால் கொடுத்தது விரயமன்று என்பதை வைத்துக்கொண்டு, குப்பைக் கூடையை நிரப்புவதற்கு நியாயம் தேடக்கூடாது. தைலத்தை ஊற்றவிட்ட அதே ஆண்டவர் அப்பத்துண்டைப் பொறுக்கச் சொன்னார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்ற சுற்றுமடலில், பொருட்களைத் தூக்கியெறியும் பழக்கம் மனிதரையும் ஒதுக்கித்தள்ளும் மனப்பாங்கோடு பிணைந்தது என்று கண்டித்தார். சோற்றை எறியும் கை, நாளை பாட்டியையும் ஒரு மூலையில் ஒதுக்கப் பழகும்.

அந்தத் தாயாரிடம் நான் மறுபடியும் போனேன். இந்தச் சொற்களையெல்லாம் விளக்குவதற்கு அது இடமன்று. "அம்மா, மெழுகுதிரி பெட்டியிலேயே கிடந்து உக்கிப் போனால் வீண். பீடத்தில் எரிந்து தீர்ந்தால் அதை வீண் எண்டு ஆரும் சொல்லுவினமோ?" என்று மட்டும் கேட்டேன். சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மூத்தவன் பிறந்த வருசம் நல்ல மழை, தம்பி" என்று தொடங்கி, ஆறு பிள்ளைகளையும் வளர்த்த கதையை ஒவ்வொருவராய்ச் சொல்லலானார். கணக்கைக் கூட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொன்சும்மாரே என்பது அதுதானே.

தம் உயிரைக் காத்துக்கொள்ள விரும்புகிறவர் அதை இழப்பார். ஆண்டவர்பொருட்டு இழப்பவர் அதைக் கண்டடைவார் என்பது மத்தேயு 16ஆம் அதிகாரத்தின் போதனை. அங்கே இழத்தலுக்கு இலத்தீன் தரும் சொல்லும் பெர்தெரேயே. யூதாசைக் குறித்த சொல்லின் வேரும், மறைசாட்சியைக் குறித்த சொல்லும் ஒன்றே. நாமெல்லோரும் ஒருநாள் தீர்ந்துபோவோம். வீணாய்ப் போவதோ நிறைவாய்ப் போவதோ, எவருக்காக நம்மைக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்தது.

குடும்பத்தில் கலந்துரையாட

1. நம் வீட்டில் எவருக்கும் பயன்படாமல் பூச்சிக்கும் கறளுக்கும் இரையாகும் பொருள் எது? அது யாருக்குத் தேவைப்படும்?

2. நமக்காக உருகித் தேய்ந்த முதியவர் ஒருவரிடம், அவருடைய வாழ்க்கை வீணாகவில்லை என்று நாம் எப்போதாவது வாய்விட்டுச் சொன்னோமா?

3. இவ்வாரம் மிஞ்சிய உணவை வீணாக்காமல் இருக்க, நாம் எல்லோரும் சேர்ந்து எடுக்கக்கூடிய தீர்மானம் என்ன?